பாலர் வகுப்பு முன்னால்

உலக வரலாற்றைப் புரட்டிப் போட்டவை எல்லாம் ஊர்வலங்கள்தான். ஒரு கூட்டம் ஒரே திசையில் கால் எடுத்து வைத்தபோது மகுடங்கள் உருண்டன, கோட்டைகள் திறந்தன, காலமே ஓரமாக ஒதுங்கி வழிவிட்டது.

கொன்னவிளை சபையின் குருத்தோலை ஊர்வலம் பிடிக்க வேண்டியிருந்தது ஒரே ஒரு ஜங்ஷனை. அதையும் இருபத்தாறு வருடமாகப் பிடிக்க முடியவில்லை.

அருமனையிலிருந்து உள்ளே போகிற ரோட்டில் கொன்னவிளை ஜங்ஷன். அங்கே கத்தோலிக்கரின் குருசடி, சிலுவை வைத்த சிறு கோவில், இருக்கிறது. குருத்தோலை ஞாயிறன்று காலை ஏழு மணிக்கு அவர்கள் குருசடி முன்னால் கூடி, ஓலைகளுக்குத் தீர்த்தம் தெளித்து, அதன் பிறகே தங்கள் கோவிலுக்குப் புறப்படுவார்கள். அதற்கு முன்னால் ஜங்ஷனைக் கடந்துவிட்டால் நம் சபைக்கு வெற்றி. பிந்தினால், அவர்கள் கலைகிறவரைக்கும் ரேஷன் கடை முன்னால் நின்று பாடிக்கொண்டிருக்க வேண்டும். இருபத்தாறு வருடமும் பாடித்தான் நின்றார்கள். ரேஷன் கடைக்காரருக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம்.

இந்த வருடம் சபைச் செயலாளர் ஞானையன் சபதம் எடுத்திருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சபதம் எடுத்தால் அதை வரிசை எண் போட்டு எழுதி, நகல் எடுத்து, கோவில் கதவில் ஒட்டிவிடுவார். 'ஊர்வல ஒழுங்குகள்' என்று தலைப்பு. விதி ஒன்று: பாலர் வகுப்பு முன்னால் செல்லும். விதி இரண்டு: உயரம் குறைந்த பிள்ளை முதலில். விதி மூன்று: யாரும் யாரையும் முந்தக் கூடாது. இப்படியே பன்னிரண்டு.

ஞாயிறு பள்ளியின் பாலர் வகுப்பிலேயே உயரம் குறைந்த பிள்ளை தன் சொந்தப் பேத்தி ரெனிஷா என்பது, விதி எழுதும்போது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

ரெனிஷாவை வாரா வாரம் பார்த்து வருகிறவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. இன்றுதான் இந்தப் பக்கத்தைத் திறந்தவர்களுக்காகச் சுருக்கமாக: வயது நாலரை. பிறந்த நாளிலிருந்து அழாத குழந்தை. பசித்தால் அழாது, ஊசி போட்டால் அழாது, பால் கொடுக்க எழுப்பினால் மறுபடி தூங்கும். வீடே பூரித்துப் போனது. ஞானையன் ஆராதனை நடுவில் எழுந்து நின்று, "எங்கள் குடும்பத்துக்குக் கர்த்தர் ஒரு சமாதானப் பிள்ளையைத் தந்திருக்கிறார்" என்று ஸ்தோத்திரம் சொன்னார்.

ஏழாம் மாதத்தில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா, குழந்தையின் தடித்த நாக்கையும் துருத்திய தொப்புளையும் பார்த்துவிட்டு, ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் தாத்தாவிடம் பொறுமையாகச் சொன்னார்.

"இது சமாதானம் இல்ல சார். தைராய்டு."

பிறவியிலேயே சுரப்பி வேலை செய்யவில்லை. அன்று தொடங்கியது தினம் ஒரு மாத்திரை. மருந்து பிந்தியதால் மற்றதும் பிந்தியது. ஒன்றே கால் வயதில் உட்கார்ந்தாள். இரண்டே முக்கால் வயதில் நடந்தாள். இப்போது முப்பத்து நாலு சொல் பேசுகிறாள், ஒரு நேரத்துக்கு ஒரு சொல்.

போன மாதம் அவளுடைய அம்மா அஜிஷாவுக்கும் ஞானையனுக்கும் நடந்த வாக்குவாதம் இந்த முப்பத்து நாலு சொல்லைப் பற்றித்தான். ஜூனில் சபையின் நர்சரிப் பள்ளியில் ரெனிஷாவைச் சேர்க்க வேண்டும். படிவத்தில் செயலாளர் கையொப்பம் போட வேண்டும். செயலாளர் போடவில்லை.

"இன்னும் ஒரு வருசம் வீட்டில இருக்கட்டு மக்கா. மத்த பிள்ளையளு ஓடும்போ இது மூலையில நிக்கும். ஆளுவ பாத்துச் சிரிக்கும்."

"குருத்தோலைக்கு பள்ளிக்கூடத்திலேருந்து கோவிலு வரைக்கும் அவ தனியா நடந்தா ஒப்புப் போடுவியளா மாமா?"

"நடக்கட்டு. பாப்போம்."

பெரிய மனிதர்கள் 'பாப்போம்' என்றால் 'இல்லை' என்று பொருள். அஜிஷா அதை 'சரி' என்று எடுத்துக்கொண்டாள். அப்படி எடுத்துக்கொள்கிற மருமகளை ஒன்றும் செய்ய முடியாது.

அந்த ஞாயிறுதான் இது.

காலை ஐந்தரைக்கு மாத்திரை. அஜிஷா அதை ஸ்பூனில் பொடித்து, நாலு சொட்டு வெள்ளத்தில் கரைத்து, அரைத் தூக்கத்திலிருந்த ரெனிஷாவின் வாயில் விட்டாள். இந்த ஊர்ப்பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர். அதற்குப் பிறகு அரை மணி நேரம் பிள்ளைக்கு எதுவும் கொடுக்கக் கூடாது. அந்த அரை மணி நேரம் வீட்டில் வேறு யாரும் வாயை அசைப்பதும் இல்லை. அசைந்தால் ரெனிஷாவுக்கும் வேண்டும்.

எனவே, முப்பத்திரண்டு வருடம் மூன்று பள்ளிக்கூடங்களை நடுங்க வைத்த தலைமையாசிரியர், தினமும் ரப்பர் ஷீட் காயப்போடுகிற கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்து நின்று பால் விடாத கட்டன் சாயா குடிக்கிறார்.

அன்று பிடிபட்டார்.

"சாயா," என்றாள் ரெனிஷா, பின்னாலிருந்து.

"இது கசாயம் மக்களே. கைக்கும்."

"சாயா."

"தாத்தாக்கு இருமலு. அதுக்குள்ள மருந்து."

"சாயா!"

கண்ணாடி டம்ளரை ஷீட்டுகளுக்கு நடுவில் ஒளித்து வைத்துவிட்டு ஞானையன் குரல் கொடுத்தார். "லே டெனிஷே! பிள்ளைய எடுத்துட்டுப் போலே!"

டெனிஷ் அவருடைய மகன், ரெனிஷாவின் அப்பா, ஆட்டோ ஓட்டுகிறவன். அப்பாவுக்கும் மனைவிக்கும் நடுவில் ஐந்து வருடமாக வாழ்வதால் பேச்சைக் குறைத்துக்கொண்டு, கருத்துகளை ஆட்டோவின் ஹாரன் மூலமாக மட்டுமே வெளியிடுகிறவன். அன்றைக்கு ஆட்டோ கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தான்.

ஆறு மணிக்குப் புட்டும் பழமும் வந்தது. ஞானையன் தட்டின் முன்னால் உட்கார்ந்து திட்டத்தை அறிவித்தார்.

"ஆறரைக்குப் பொறப்பாடு. ஆறு ஐம்பதுக்கு ஜங்ஷன் தாண்டணும். இஞ்ச பாரு அஜிஷா, பிள்ள பாதியில நின்னா டெனிஷுக்க ஆட்டோவில ஏத்திரு. ஸ்பீக்கருக்குக் கீழ இருந்தா அதுக்கும் ரசமா இருக்கும்."

"ஏறமாட்டா மாமா."

"அது சொல்லிச்சா?"

"நான் சொல்லுதேன்."

மூன்று வாரமாக அஜிஷா ரெனிஷாவை அந்த ரோட்டில் நடத்திப் பழக்கியிருந்தாள். காலில் குறையில்லை. பிரச்சினை வேறு. ரெனிஷா சும்மா நடக்கிறவள் இல்லை. வழியில் இருக்கிற எல்லோருக்கும் டாட்டா சொல்வாள். ஆட்டுக்கு ஒரு டாட்டா, மின்கம்பத்துக்கு ஒரு டாட்டா, பூட்டிய வீட்டின் கேட்டுக்கு ஒரு டாட்டா. பதில் வருகிறவரைக்கும் நிற்பாள். மின்கம்பம் பதில் சொல்ல நேரமாகும்.

ஆறரைக்குப் பள்ளிக்கூட முற்றத்தில் முந்நூறு பேர், முந்நூறு ஓலை. ஞானையன் தும்பைப்பூ வேட்டியில் வந்து நின்றார். கையில் மைக். மைக்கின் வயர் ஆட்டோவில் இருந்து வந்தது, மூன்று மீட்டர். ஆட்டோவுக்கு மூன்று மீட்டர் முன்னால் செயலாளர், அவருக்கு முன்னால் பாலர் வகுப்பு, பாலர் வகுப்புக்கு முன்னால், எல்லோருக்கும் முதலாவதாக, மஞ்சள் கவுனில் ரெனிஷா.

பாட்டு தொடங்கியது. பாலர் வகுப்பு ஆசிரியை லீலாபாய், "மெள்ள, மெள்ள," என்றாள். அது தேவையில்லாத அறிவுரை.

முதல் டாட்டா ஒரு கோழிக்கு. ஊர்வலம் நின்றது. கோழி யோசித்தது.

இரண்டாவது டாட்டா பைக்கில் பால் கொண்டுவந்த ஆளுக்கு. அவர் காலை ஊன்றி நிறுத்தி, "டாட்டா மக்களே," என்றார். மூன்றாவது, ஒரு மதிலுக்கு. பின்னால் பாட்டுக் குழு நாலு சரணத்தையும் முடித்து, பல்லவிக்குத் திரும்பி, மறுபடியும் முதல் சரணத்துக்கு வந்தது. முதல் கியரில் உறுமிக்கொண்டிருந்த ஆட்டோவிலிருந்து லேசாகக் கிளட்ச் கருகுகிற மணம்.

ஞானையன் வாட்சைப் பார்த்தார். ஆறு நாற்பத்தைந்து. பள்ளிக்கூடத்தின் கொடிக்கம்பம் இன்னும் கண்ணுக்குத் தெரிந்தது.

"லீலாபாய் டீச்சர், மத்த பிள்ளையள முன்ன விடுங்க."

"மூணாம் விதி சார். யாரும் யாரையும் முந்தப்பிடாது."

"அது பொதுவா எழுதினது."

"அப்போ ரெண்டாம் விதி? உயரம் குறைஞ்ச பிள்ள முன்ன."

"டீச்சர், விதி எழுதினவன் நான்."

"பின்ன? கீழ ஒப்பும் போட்டிருக்கிய சார். சீலும் இருக்கு."

மைக் அணைக்கப்படவில்லை. இந்த உரையாடல் இரண்டு ஸ்பீக்கர் வழியாக அரை கிலோமீட்டர் சுற்றளவுக்குக் கேட்டது. டெனிஷ் ஹாரனை ஒருமுறை, மிக லேசாக, தொட்டான்.

இதற்குள் ஒரு புதுமை நடந்துகொண்டிருந்தது. வழக்கமாகக் குருத்தோலை ஊர்வலம் போனால் வீட்டு ஆட்கள் ஜன்னல் வழியே ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்புக்குத் திரும்புவார்கள். இந்த வருடம் ஊர்வலம் ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நின்று, அதன் தலைமை டாட்டா சொல்லி, பதிலுக்கும் காத்திருந்தது. எப்படி வராமல் இருக்க முடியும்? நைட்டியின் மேல் தோர்த்துத் துண்டு போட்டுக்கொண்டு வந்தார்கள். பல்லில் பேஸ்ட்டோடு வந்தார்கள். கோவில் மரத்தின் கிளை முறிந்த சண்டையில் எட்டு வருடம் சபைப் பக்கமே வராத குமாரதாஸ், கேட்டைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் டாட்டா காட்டினார்.

"யாருக்க பிள்ளட்டி இது?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"எனக்க பிள்ள," என்றாள் அஜிஷா. சாதாரணமாகச் சொல்ல நினைத்தாள். குரல் மைக் இல்லாமலே ஸ்பீக்கருக்கு ஏறியது போல வந்தது.

ஜங்ஷனுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஏழு பத்து.

குருசடி முன்னால் கத்தோலிக்கர் நிறைந்திருந்தார்கள். ரோடு தெரியவில்லை, ஓலைதான் தெரிந்தது. இருபத்தேழாவது வருடமும் போயிற்று. ஞானையன் ரேஷன் கடையைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது.

ஆனால் ரெனிஷா ரேஷன் கடை முன்னால் நிற்கவில்லை. கூட்டத்தைக் கண்டதும் டாட்டா சொல்ல ஆள் நிறையக் கிடைத்த மகிழ்ச்சியில் நேரே உள்ளே நடந்தாள். பாலர் வகுப்பு அவள் பின்னால் போனது. பாலர் வகுப்புக்குப் பின்னால் ஞானையன், அவருக்குப் பின்னால் வயர், வயருக்குப் பின்னால் ஆட்டோ, அதன் பின்னால் சபை. இரண்டு கூட்டமும் கலந்துவிட்டன.

நடுவில் போனதும் ரெனிஷா ரோட்டில் உட்கார்ந்தாள்.

ஒரு செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். முகம் சிவந்திருந்தது. அறுநூறு மீட்டர் நடந்திருக்கிறாள். இன்னும் நானூறு இருந்தது.

அஜிஷா நாலடி தள்ளிக் குந்தினாள். தொடவில்லை.

"எந்தி மக்களே. கோவிலு அந்தா தெரியுது பாரு."

"ம்ஹும்."

"இம்புட்டு நடந்தாச்சு. இனி கொஞ்சந்தான்."

"ம்ஹும்."

ஞானையன் கையைக் காட்டினார். ஆட்டோ மெதுவாகப் பக்கத்தில் வந்தது. டெனிஷ் எஞ்சினை அணைக்கவும் இல்லை, இறங்கவும் இல்லை. மனைவியைப் பார்த்தான்.

"ஏத்து லே," என்றார் ஞானையன், மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு. "எல்லாரும் பாக்கியாவ."

"அஞ்சு நிமிசம் மாமா."

"ரெண்டு சபையும் நிக்குது பிள்ளே!"

"நிக்கட்டு."

அஜிஷாவின் கையில் பைபிள். அதன் உறைக்குள் நாலாக மடித்த படிவம். அது அவள் உள்ளங்கையில் சூடாக இருந்தது. இப்போது தூக்கினால் ஜூன் போய்விடும். அடுத்த ஜூனில் இந்த மனிதர் வேறு விதி எழுதுவார். ரெனிஷா செருப்பின் வாரை எடுத்து வாயில் வைத்தாள்.

எதுவும் செய்ய வழியில்லாத இடத்தில் தலைவர்கள் என்ன செய்வார்களோ அதை ஞானையன் செய்தார். மைக்கை உயர்த்தினார். "ஜெபம் செய்வோம்," என்றார். கண்ணை மூடினார்.

அவருடைய ஜெபம் பிரசித்தமானது. அது தொடங்கினால் சிலர் வீட்டுக்குப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வருவதுண்டு. அதை முழுவதும் இங்கே கொடுக்கப் பக்கம் போதாது. நாம் ரெனிஷாவைப் பார்ப்போம்.

கத்தோலிக்கரின் பங்குத்தந்தை தெளிப்பைத் தொடங்கியிருந்தார். உபதேசியார் ஒரு நீலப் பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வர, தந்தை ஒரு இலைக்கொத்தை நனைத்து நனைத்து வீசிக்கொண்டு வந்தார். தென்னங்குருத்தில் யாரும் சபை பெயர் எழுதி வைப்பதில்லை. தன் ஆட்கள் எங்கே முடிந்து மற்றவர்கள் எங்கே தொடங்கினார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தும் நிறுத்தவில்லை என்றும் சிலர் சொல்கிறார்கள்.

ஒரு வீச்சு ரெனிஷாவின் முகத்தில் விழுந்தது.

அவள் அதிர்ந்தாள். கண்ணைக் கொட்டினாள். மூக்கின் நுனியில் ஒரு சொட்டு தொங்கியது. அதை நாக்கை நீட்டி எடுத்தாள்.

பிறகு சிரித்தாள். அழவே தெரியாத அந்தப் பழைய குழந்தையின் தொண்டையிலிருந்து, கரகரவென்று, குழாயில் காற்று போய் வெள்ளம் வருகிற மாதிரி ஒரு சிரிப்பு. சுற்றி நின்றவர்களுக்கும் பிடித்துக்கொண்டது.

இலைக்கொத்து நகர்ந்தது. ரெனிஷா எழுந்தாள். ஒரு காலில் செருப்பு, ஒரு கையில் செருப்பு, மறு கையில் ஓலை. பங்குத்தந்தையின் அங்கியைப் பிடித்து இழுத்தாள்.

"வெள்ளம்."

தந்தை குனிந்து இன்னொரு முறை தெளித்தார். சிரிப்பு. மறுபடி இழுத்தாள்.

"இன்னு வெள்ளம்."

அஜிஷா அசையவில்லை. லீலாபாய் அவள் தோளைப் பிடித்தாள்.

"அஜிஷா, பிள்ள என்ன சொல்லிச்சு?"

"தெரியல்ல டீச்சர். நீங்க கேட்டியளா? நீங்க சொல்லுங்க."

"மக்களே, என்ன வேணும்?"

இந்தப் பெரியவர்களுக்கு எத்தனை தடவை சொல்வது என்கிற எரிச்சலில் ரெனிஷா காலைத் தட்டிக் கத்தினாள்.

"இன்னு வெள்ளம்!"

இரண்டு சொல், சேர்ந்தாற்போல். நாலரை வருடத்தில் முதல் முறை.

லீலாபாய் அழுதாள். அஜிஷா அழவில்லை, சிரிக்கவும் இல்லை. ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள், ரெனிஷா எழுந்துபோன அதே இடத்தில். டெனிஷ் ஆட்டோவின் ஹாரனில் கையை வைத்தான். எடுக்கவில்லை. அதுவரை அவன் வெளியிட்ட கருத்துகளிலேயே மிக நீளமானது அதுதான்.

ஹாரன் சத்தத்தில் ஞானையனின் ஜெபம் அறுந்தது. "ஆமென்," என்று கண்ணைத் திறந்தார். தலையைத் தடவிப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். முகத்தில் ஒரு பெரிய வியப்பு. பேத்தியைப் பார்த்தார், அவள் எழுந்து நின்றிருந்தாள். அவர் என்ன நினைத்தாரோ, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

கத்தோலிக்கர் ரோட்டின் இரண்டு பக்கமும் விலகினார்கள். மஞ்சள் கவுன் நடுவில் நடந்தது.

மீதி நானூறு மீட்டரில் ஒரு டாட்டாவும் இல்லை. புதிதாகக் கிடைத்ததை எல்லா வீட்டுக் கேட்டிலும் சொல்லிப் பார்த்தாள். "இன்னு வெள்ளம்." விவரம் தெரியாத ஒரு வீட்டுக்காரர் பயந்துபோய் ஒரு செம்பு நிறைய வெள்ளம் கொண்டுவந்தார். அதைக் குடித்துவிட்டு நடந்தாள். யாரும் தூக்கவில்லை. ஏழு ஐம்பதுக்குக் கோவில் கேட்டைத் தொட்டாள், கேட்டுக்கும் சொன்னாள்.

போதகர் வாசலில் வாட்சைப் பார்த்தபடி நின்றார். "என்ன செயலாளர் சார், இவ்வளவு தாமதம்?"

"எனக்க பேத்தி முன்ன நடந்தா," என்றார் ஞானையன்.

அஜிஷா பைபிள் உறையிலிருந்து படிவத்தை எடுத்தாள்.

"இப்பளா மக்கா? ஆராதனை தொடங்கணும்."

"இப்பத்தான் மாமா."

டெனிஷின் முதுகில் வைத்து ஒப்புப் போட்டார். தலைமுடியிலிருந்து ஒரு சொட்டு ஒப்பின் மேல் விழுந்து மையைக் கொஞ்சம் கரைத்தது. செல்லும்.

கதையை இத்தோடு முடித்திருக்கலாம். ஞானையன் முடிக்கவிடவில்லை.

ஆராதனையில் அறிவிப்பு வாசிக்க எழுந்தவர், தாளை மடித்து வைத்துவிட்டுச் சாட்சி சொன்னார். "இன்று ஜங்ஷனில், நடுரோட்டில், என் பேத்தி நடக்க முடியாமல் உட்கார்ந்தபோது நான் கண்ணை மூடி ஜெபித்தேன். இந்தக் கோடையில், இந்த வெயிலில், கர்த்தர் மழையை அனுப்பினார். நான் நனைந்தேன். பிள்ளை எழுந்து நடந்தாள்."

பாட்டுக் குழு மொத்தமும் குனிந்து பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடியது. லீலாபாய் சேலை நுனியைக் கடித்துக்கொண்டாள். ஊர்வலத்தில் வராமல் வாசலிலேயே நின்ற போதகருக்கு மட்டும் கண் கலங்கியது. "இதைச் சபைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும்," என்றார்.

செயலாளர் எழுதினார். தேதி, நேரத்தோடு.

மத்தியானம், ரெனிஷா சோற்றுத் தட்டின் முன்னால், "இன்னு மீன்" என்றாள். அஜிஷா வேண்டுமென்றே காது கேளாதவள் போல இருந்து அதை மூன்று முறை சொல்ல வைத்தாள். அப்போது டெனிஷின் போன் சிணுங்கியது. கத்தோலிக்க இளைஞர் குழுவிலிருந்து யாரோ அனுப்பிய வீடியோ. அது ஏற்கெனவே அருமனை தாண்டி, மார்த்தாண்டம் தாண்டி, குவைத் போய்த் திரும்பியிருந்தது.

இருவரும் அடுக்களையில் நின்று சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தார்கள்.

"மாமாட்ட நீங்க சொல்லுங்க."

"நானா? உனக்குத்தான் தைரியம் உண்டு."

"உங்க அப்பா."

"உனக்க மாமா."

முன் அறையில் ஞானையன் போனில் யாரிடமோ மழையின் அளவைச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் செயலாளர் தேர்தல் இருந்தது.

வீடியோவில் வானம் வெளுத்துக் கிடந்தது. முப்பத்தோராவது வினாடியில் பங்குத்தந்தை இலைக்கொத்தை முக்கி எடுத்து ஞானையனின் தலையில் நேராக வீசினார். ஞானையன் கண்ணைத் திறக்காமல், மைக்கில், "இன்னும் ஊற்றும் ஆண்டவரே" என்றார். உபதேசியார் வாளியில் மிச்சமிருந்ததை ஊற்றினார்.